வியாழனின் துருவ ஒளி

வியாழனின் துருவ ஒளி என்பது வியாழன் கோளின் வட, தென் துருவங்களைச் சூழ்ந்து, அதன் மேல் வளிமண்டலத்தில் இடையறாது தோன்றும் ஒளிர்வு ஆகும். மின்னேற்றம் பெற்ற துகள்கள், குறிப்பாக இலத்திரன்கள் (எதிர்மின்னிகள்), கோளின் காந்தப்புலக் கோடுகளின் வழியே பெருவேகத்துடன் இறங்கி, அங்குள்ள ஐதரசன் வளிமத்தின் மீது மோதுவதால் இவ்வொளி உண்டாகின்றது. சூரியக் குடும்பத்துக் கோள்களில் காணப்படும் துருவ ஒளிகளுள் இதுவே மிகவும் ஆற்றல் வாய்ந்தது.

பூமியில் தோன்றும் துருவ ஒளிக்குச் சூரியனிலிருந்து வீசும் சூரியக் காற்றே முதற்காரணம் ஆகும். சூரியன் அமைதியாக இருக்கும் நாட்களில் பூமியின் துருவ ஒளி மங்கிவிடும். வியாழனிலோ அது ஒருபோதும் அணைவதில்லை. அதற்கு வேண்டிய ஆற்றலின் பெரும்பகுதி கோளின் விரைவான தற்சுழற்சியிலிருந்தும், துகள்களின் பெரும்பகுதி ஐஓ என்னும் துணைக்கோளின் எரிமலைகளிலிருந்தும் கிடைக்கின்றன. எனினும், சுழற்சியின் ஆற்றல் எவ்வழியில் துகள்களைச் சென்றடைகின்றது என்ற வினாவுக்கு நீண்டகாலம் ஏற்கப்பட்டிருந்த விடை, 2016 இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலத்தின் அளவீடுகளுக்குப் பின்னர் மறு ஆய்வுக்கு உள்ளாகியுள்ளது.

பூமியின் துருவ ஒளியுடன் ஒப்பீடு

இரு கோள்களிலும் அடிப்படை நிகழ்வு ஒன்றே. விரைந்து வரும் துகள் ஒன்று வளிம அணுவையோ மூலக்கூறையோ தாக்கும்போது, அது கூடுதல் ஆற்றல் பெற்ற நிலைக்கு உயர்கின்றது. பின்னர் அந்த ஆற்றலை ஒளியாக வெளியிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகின்றது. வெளியாகும் ஒளியின் நிறம் தாக்கப்பட்ட வளிமத்தைப் பொறுத்தது. பூமியின் வளிமண்டலத்தில் உள்ள ஒட்சிசன் பச்சை, சிவப்பு நிறங்களையும், நைதரசன் நீலம், ஊதா நிறங்களையும் தருகின்றன. வியாழனின் வளிமண்டலம் பெரும்பாலும் ஐதரசனால் ஆனது. எனவே அங்கு தோன்றும் ஒளியின் மிகப்பெரும் பங்கு மனிதக் கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களாகவும் அகச்சிவப்புக் கதிர்களாகவும் வெளிப்படுகின்றது.

அளவிலும் இரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. வியாழனின் வட துருவத்தைச் சூழும் ஒளி வளையத்தினுள் பூமி முழுவதையும் வைத்துவிடலாம். புற ஊதாக் கதிர்களாக மட்டும் அது வெளிவிடும் ஆற்றல் சில இலட்சம் கோடி வாட் ஆகும். இது பூமியின் துருவ ஒளியைப் போலப் பல நூறு மடங்கு எனக் கணிக்கப்படுகின்றது.

காந்தக்கோளம்

துருவ ஒளி தோன்றுவதற்குக் காந்தப்புலமும் வளிமண்டலமும் இன்றியமையாதவை. வியாழனின் ஆழத்தில், மிகுந்த அழுத்தத்தால் உலோகத் தன்மை பெற்ற ஐதரசன் மின்சாரத்தைக் கடத்துகின்றது. அதன் அசைவினால் கோளின் காந்தப்புலம் உருவாகின்றது. இதன் காந்தத் திருப்புதிறன் பூமியினுடையதைப் போல ஏறத்தாழ 20,000 மடங்கு ஆகும். காந்த அச்சு, தற்சுழற்சி அச்சிலிருந்து ஏறத்தாழ 10 பாகை சாய்ந்துள்ளது. இதனால் துருவ ஒளி வளையம் கோளின் துருவத்தை மையமாகக் கொள்ளாமல் ஒருபுறம் ஒதுங்கி, கோளுடன் சேர்ந்து சுழல்கின்றது.

இக்காந்தப்புலம் சூரியக் காற்றைத் தடுத்து விண்வெளியில் தனக்கென உருவாக்கிக்கொண்டுள்ள வெளியே வியாழனின் காந்தக்கோளம் ஆகும். சூரியனை நோக்கிய பக்கத்தில் இது வியாழனின் ஆரத்தைப் போல 45 முதல் 100 மடங்கு தொலைவு வரை விரிந்தும் சுருங்கியும் காணப்படும். எதிர்ப்பக்கத்தில் இதன் வால் சனிக் கோளின் சுற்றுப்பாதை வரை நீள்கின்றது. கண்ணுக்குப் புலப்படுமாயின், பூமியிலிருந்து பார்க்கையில் இக்காந்தக்கோளம் முழுநிலவைவிடப் பெரிதாகத் தோன்றும்.

வியாழன் தன்னைத் தானே ஒருமுறை சுற்ற 9 மணி 55 நிமிடங்களே எடுத்துக்கொள்கின்றது. அதன் காந்தப்புலமும் அதே வேகத்தில் சுழல்கின்றது. இப்பெருஞ்சுழற்சியே துருவ ஒளிக்கான ஆற்றலின் முதன்மையான இருப்பு ஆகும்.

துகள்களின் தோற்றுவாய்

ஐஓ, வியாழனின் நான்கு பெரிய துணைக்கோள்களுள் மிக அருகில் உள்ளது. இது கோளின் மையத்திலிருந்து ஏறத்தாழ 4,22,000 கி.மீ. தொலைவில், 42 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் வியாழனைச் சுற்றி வருகின்றது. யூரோப்பா, கனிமீடு ஆகிய துணைக்கோள்களின் ஈர்ப்பினால் ஐஓவின் பாதை முழு வட்டமாக அமைவதில்லை. இதனால் வியாழனின் ஈர்ப்பு அதனை மாறி மாறி அழுத்தியும் தளர்த்தியும் வருகின்றது. அவ்வாறு உண்டாகும் வெப்பமே ஐஓவின் எரிமலைகளுக்குக் காரணம் ஆகும்.

எரிமலைகளிலிருந்து வெளிப்படும் கந்தக ஈரொட்சைட்டு வளிமத்திலிருந்து ஒவ்வொரு வினாடியும் ஏறத்தாழ ஒரு தொன் அளவான பொருள் ஐஓவை விட்டு நீங்குகின்றது. இது சிதைந்து கந்தக, ஒட்சிசன் அணுக்களாகின்றது. அவ்வணுக்கள் இலத்திரன்களை இழந்து அயனிகளாக மாறியவுடன் வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிக்கொள்கின்றன. இவ்வாறு ஐஓவின் சுற்றுப்பாதையை ஒட்டி, மின்னேற்றம் பெற்ற துகள்களால் ஆன பெரிய வளையம் ஒன்று உருவாகியுள்ளது. இது ஐஓ பிளாஸ்மா வளையம் எனப்படும்.

ஐஓ தனது பாதையில் வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் செல்கின்றது. பிளாஸ்மா வளையமோ வியாழனின் காந்தப்புலத்துடன் சேர்ந்து வினாடிக்கு 74 கி.மீ. வேகத்தில் சுழல்கின்றது. ஆகவே இத்துகள் வெள்ளம் ஐஓவைப் பின்புறமிருந்து முந்திச் சென்றுகொண்டே இருக்கின்றது.

வகைகள்

வியாழனின் துருவ ஒளி பொதுவாக மூன்று பகுதிகளாகப் பிரித்து ஆராயப்படுகின்றது.

1. முதன்மை வளையம்

துருவத்தைச் சூழ்ந்து வளையம் போல் காணப்படும் பொலிவான பகுதி இதுவாகும். இப்பகுதியிலுள்ள காந்தப்புலக் கோடுகளைத் தொடர்ந்து சென்றால், அவை நடுக்கோட்டுத் தளத்தில் வியாழனின் ஆரத்தைப் போல 20 முதல் 30 மடங்கும் அதற்கு மேலும் உள்ள தொலைவைச் சென்றடைகின்றன. அதாவது, இவ்வொளியின் வேர் காந்தக்கோளத்தின் எல்லையில் அன்றி அதன் உட்பகுதியில் உள்ளது.

இதற்கான செந்நெறி விளக்கம் பின்வருமாறு. ஐஓவிலிருந்து வந்த பிளாஸ்மா மெல்ல மெல்ல வெளிநோக்கிப் பரவுகின்றது. சுழலும் குடை இராட்டினத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகரும் ஒருவர், இராட்டினத்துக்கு ஈடாகச் சுழல வேண்டுமாயின் மேலும் மேலும் வேகம் பெற வேண்டும். பிளாஸ்மாவின் நிலையும் அதுவே. அதற்கு வேண்டிய உந்துதலை வியாழனின் மேல் வளிமண்டலம், காந்தப்புலக் கோடுகளின் வழியே ஓடும் மின்னோட்டங்கள் மூலம் வழங்குகின்றது. குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் பிளாஸ்மா ஈடுகொடுக்க இயலாமல் பின்தங்கும். அங்கு மின்னோட்டம் வலுப்பெறும். கோளிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் மின்னோட்டத்தைத் தாங்கி வருபவை கீழ்நோக்கி இறங்கும் இலத்திரன்கள் ஆகும். அவை வளிமண்டலத்தைத் தாக்கும் இடமே முதன்மை வளையம் ஆகும். பிளாஸ்மா இவ்வாறு பின்தங்கும் என்பதை தாமஸ் ஹில் 1979 இல் எடுத்துரைத்தார். அதனை முதன்மை வளையத்துடன் தொடர்புபடுத்தும் விளக்கத்தை 2001 இல் ஹில்லும், ஸ்டான்லி கவ்லி, எம்மா பன்ஸ் ஆகியோரும் தனித்தனியே வெளியிட்டனர்.

முதன்மை வளையத்தின் விடியல் பக்கம் சிலவேளைகளில் திடீரெனப் பன்மடங்கு பொலிவடைகின்றது. இது விடியல் புயல் எனப்படும். இப்புயல்கள் கோளின் இரவுப் பக்கத்தில் தோன்றி, சுழற்சியால் விடியல் பக்கத்துக்கு வந்து சேர்கின்றன என்பது ஜூனோ எடுத்த படங்களைக் கொண்டு 2021 இல் விளக்கப்பட்டது. இரவுப் பக்கத்தில் அவை தொடங்கும் விதம், பூமியின் காந்தக்கோளத்தில் நிகழும் துணைப்புயல்களைப் பெரிதும் ஒத்துள்ளது.

2. துணைக்கோள்களின் அடித்தடங்கள்

முதன்மை வளையத்துக்கு வெளியே, நடுக்கோட்டை நோக்கிய பக்கத்தில் சிறிய ஒளிப்புள்ளிகள் காணப்படுகின்றன. இவை ஐஓ, யூரோப்பா, கனிமீடு ஆகிய துணைக்கோள்களின் காந்த அடித்தடங்கள் ஆகும். துணைக்கோள் தனது பாதையில் நகர நகர அதன் அடித்தடமும் உடன் நகர்கின்றது.

பிளாஸ்மா வெள்ளத்தின் நடுவே துணைக்கோள் ஒரு தடையாக நிற்பதால் காந்தப்புலத்தில் அதிர்வுகள் எழுகின்றன. நரம்புக் கருவியின் நாணில் அதிர்வு பரவுவது போல் இவை காந்தப்புலக் கோடுகளின் வழியே வியாழனை நோக்கிப் பரவுகின்றன. இத்தகைய அலைகள் இருக்கக்கூடும் என்பதை 1942 இல் முன்னுரைத்த சுவீடன் நாட்டு இயற்பியலாளர் ஹான்ஸ் ஆல்வேனின் பெயரால் இவை ஆல்வேன் அலைகள் எனப்படுகின்றன. ஐஓவின் அடித்தடத்தைத் தொடர்ந்து நீண்ட ஒளிவால் ஒன்றும் காணப்படுகின்றது. இந்த வால் தொடர்ச்சியான கீற்று அன்று என்பதும், ஓடும் நீரில் நிற்கும் தூணுக்குப் பின்னே தோன்றும் சுழல்களைப் போல வரிசையான சிறு புள்ளிகளால் ஆனது என்பதும் ஜூனோவின் அகச்சிவப்புப் படங்கள் வழியாக 2018 இல் தெரியவந்தன. கனிமீட்டின் அடித்தடம் இரட்டையாக உள்ளதும் அப்போது அறியப்பட்டது.

காலிஸ்டோவின் அடித்தடம் மிகவும் மங்கலானது. அது பெரும்பாலும் முதன்மை வளையத்தின் பொலிவில் மறைந்துவிடுகின்றது. முதன்மை வளையம் இடம் விலகியிருந்த வேளையில், 2019 செப்டம்பரில் ஜூனோ பதிவு செய்த தரவுகளிலிருந்து இவ்வடித்தடம் அடையாளம் காணப்பட்டது. இம்முடிவு 2025 இல் வெளியானது.

3. துருவப் பகுதி ஒளிர்வுகள்

முதன்மை வளையத்துக்கு உட்புறம் காணப்படும் ஒளிர்வுகள் நிலையற்றவை. நிமிடங்களிலும் வினாடிகளிலும் கூட இவை பொலிந்து மறைகின்றன. சூரியக் காற்றின் செல்வாக்கு இப்பகுதியில் எந்த அளவுக்கு உள்ளது என்பது ஆய்வாளரிடையே தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வருகின்றது.

அலைநீளங்கள்

ஒரே துருவ ஒளி வெவ்வேறு அலைநீளங்களில் வெவ்வேறு செய்திகளைத் தருகின்றது.

• புற ஊதாக் கதிர்கள்: ஐதரசன் அணுக்களும் மூலக்கூறுகளும் இலத்திரன்களால் தாக்கப்பட்டவுடன் இவை வெளியாகின்றன. குறுகிய அலைநீளக் கதிர்களை வளிமண்டலத்தின் ஆழத்திலுள்ள மெத்தேன் உறிஞ்சிவிடுகின்றது. எனவே எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதைக் கொண்டு இலத்திரன்கள் எவ்வளவு ஆழம் இறங்கின என்பதைக் கணக்கிடலாம். பூமியின் வளிமண்டலம் இக்கதிர்களைத் தடுப்பதால் விண்வெளியிலிருந்தே இவற்றைப் பார்க்க முடியும்.

• அகச்சிவப்புக் கதிர்கள்: மூன்று ஐதரசன் அணுக்கள் இணைந்து ஓர் இலத்திரன் குறைந்த நிலையில் உள்ள மூவைதரசன் அயனி இவற்றை வெளியிடுகின்றது. இதே பகுதியில் வியாழனின் மெத்தேன் சூரிய ஒளியை உறிஞ்சிவிடுவதால், கோளின் உடல் இருண்டு துருவ ஒளி மட்டும் தனித்துத் தெரிகின்றது. தரையிலுள்ள தொலைநோக்கிகளாலும் இதனைக் காண இயலும்.

• எக்சு கதிர்கள்: பெரும்பாலான இலத்திரன்களை இழந்த ஒட்சிசன், கந்தக அயனிகள் வளிமண்டலத்தில் இறங்கி, அங்குள்ள மூலக்கூறுகளிடமிருந்து இலத்திரன்களைப் பறிக்கும்போது இவை பிறக்கின்றன.

• வானொலி அலைகள்: துருவ ஒளிக்கு மேலுள்ள காந்தப்புலக் கோடுகளைச் சுற்றிச் சுழலும் இலத்திரன்களால் இவை உருவாகின்றன. இவற்றின் அதிர்வெண் ஏறத்தாழ 40 மெகாஹேர்ட்சு வரை செல்கின்றது.

• கட்புலனாகும் ஒளி: இது ஒப்பீட்டளவில் மங்கலானது. பூமியிலிருந்து எப்போதும் வியாழனின் பகற்பக்கமே பெரும்பாலும் தெரிவதால், இரவுப் பக்கத்தின் இவ்வொளியை விண்கலங்களே படம்பிடித்துள்ளன.

ஆய்வு வரலாறு

வியாழனின் துருவ ஒளி கண்ணால் காணப்படுமுன்னர் காதால் கேட்கப்பட்டது எனலாம். 1955 இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெர்னார்ட் பர்க், கென்னத் பிராங்க்ளின் ஆகியோர் 22.2 மெகாஹேர்ட்சு அதிர்வெண்ணில் வானத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, இடையிடையே குறுக்கிட்ட இரைச்சல் ஒன்று வியாழனிலிருந்து வருவதைக் கண்டறிந்தனர். வியாழனுக்குக் காந்தப்புலம் உண்டு என்பதற்கு இது தொடக்கச் சான்றாக அமைந்தது. 1964 இல் ஈ. கே. பிக், இவ்வானொலி அலைகளின் வலிமை ஐஓ தனது பாதையில் இருக்கும் இடத்தைப் பொறுத்து மாறுவதைக் காட்டினார். சிறிய துணைக்கோள் ஒன்று பெருங்கோளின் வானொலி அலைகளைக் கட்டுப்படுத்துவது அக்காலத்தில் பெரும் புதிராக இருந்தது. ஐஓ ஒரு மின்னாக்கியைப் போலச் செயற்பட்டு, காந்தப்புலக் கோடுகளின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்துகின்றது என்னும் விளக்கத்தை 1969 இல் பீட்டர் கோல்ட்ரைக், டொனால்ட் லிண்டன்-பெல் ஆகியோர் முன்வைத்தனர்.

1973 டிசம்பரில் பயனியர் 10 விண்கலம் வியாழனை முதன்முறையாக அணுகிக் கடந்து சென்று, காந்தப்புலத்தையும் கதிர்வீச்சுப் பட்டைகளையும் நேரடியாக அளந்தது. 1979 மார்ச்சில் வொயேஜர் 1 துருவப் பகுதிகளில் புற ஊதா ஒளிர்வைப் பதிவு செய்தது. இரவுப் பக்கத்துத் துருவ ஒளியையும் படம்பிடித்தது. அதே பயணத்தில் எடுக்கப்பட்ட படம் ஒன்றில் ஐஓவின் எரிமலைப் புகையை லிண்டா மொராபிட்டோ கண்டறிந்தார். துருவ ஒளியும், அதற்குத் துகள்களை வழங்கும் எரிமலைகளும் ஒரே பயணத்தில் வெளிப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

மூவைதரசன் அயனியை ஜெ. ஜெ. தாம்சன் 1911 இல் ஆய்வுகூடத்தில் கண்டறிந்திருந்தார். அதன் அகச்சிவப்பு நிறமாலையை 1980 இல் டகேஷி ஓகா அளந்தார். ஆய்வுகூடத்துக்கு வெளியே, இயற்கையில் இவ்வயனி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது வியாழனின் துருவ ஒளியிலேயே ஆகும். ஹவாய்த் தீவின் மவுனா கியா மலையிலுள்ள கனடா-பிரான்சு-ஹவாய் தொலைநோக்கி மூலம் 1988 இல் பெற்ற தரவுகளைக் கொண்டு 1989 இல் இது அறிவிக்கப்பட்டது. இதே மலையிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி மூலம் ஐஓவின் அடித்தடம் 1993 இல் கண்டறியப்பட்டது. யூரோப்பா, கனிமீடு ஆகியவற்றின் அடித்தடங்கள் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களைக் கொண்டு 2002 இல் அறிவிக்கப்பட்டன.

சந்திரா எக்சு கதிர் விண்ணாய்வகம், வட துருவத்துக்கு அருகில் ஏறத்தாழ 45 நிமிடங்களுக்கு ஒருமுறை துடிக்கும் எக்சு கதிர்ப் புள்ளி ஒன்றைக் கண்டது. இது 2002 இல் வெளியானது. இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகப் பெயரிடப்பட்ட விண்ணாய்வகம் இதுவாகும். அயனிகளை இவ்வாறு துடிப்புகளாகச் செலுத்துவது எது என்பது பல ஆண்டுகள் விளங்காதிருந்தது. ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் ஆய்வகமும் ஜூனோவும் 2017 சூலையில் ஒரே நேரத்தில் மேற்கொண்ட அளவீடுகளை ஒப்பிட்டு, காந்தப்புலக் கோடுகளின் அதிர்வுகளால் எழும் பிளாஸ்மா அலைகளே அயனிகளைத் துருவத்துக்குச் செலுத்துகின்றன என்று 2021 இல் விளக்கப்பட்டது.

ஜூனோவின் அளவீடுகள்

நாசாவின் ஜூனோ விண்கலம் 2011 ஆகத்து 5 அன்று ஏவப்பட்டு, 2016 சூலையில் வியாழனின் சுற்றுப்பாதையை அடைந்தது. இதற்கு முந்தைய விண்கலங்கள் பெரும்பாலும் நடுக்கோட்டுத் தளத்தை ஒட்டியே சென்றன. ஜூனோவின் பாதை துருவங்களுக்கு மேலாக அமைந்தது. ஆகவே துருவ ஒளியை உண்டாக்கும் துகள்கள் வேகம் பெறும் பகுதியின் ஊடாகவே அது பறந்து, அவற்றை நேரடியாக எண்ணியது. கடுமையான கதிர்வீச்சிலிருந்து காப்பதற்காக அதன் மின்னணுக் கருவிகள் தைட்டானியப் பெட்டகம் ஒன்றினுள் வைக்கப்பட்டன.

பூமியில் பொலிவு மிக்க துருவ ஒளியை உண்டாக்கும் இலத்திரன்கள், சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டால் கீழ்நோக்கி முடுக்கப்படுகின்றன. வியாழனிலும் இத்தகைய மின்னழுத்தம் உண்டு என்பதை ஜூனோ உறுதி செய்தது. அதன் அளவு 4,00,000 வோல்ட் வரை இருந்தது. ஆனால் 2017 இல் வெளியான முடிவுகள் ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்தின. பூமியில் மிகப் பொலிவான ஒளியைத் தரும் இம்முறை, வியாழனில் அவ்வாறு தருவதில்லை. அங்கு பொலிவு மிக்க பகுதிகளுக்கு மேலே, பல்வேறு ஆற்றல் அளவுகளைக் கொண்ட இலத்திரன்கள் ஒழுங்கற்ற முறையில் முடுக்கப்படுவதே பெரிதும் காணப்பட்டது. கீழ்நோக்கி மட்டுமன்றி மேல்நோக்கியும் அவை பாய்ந்தன. கொந்தளிப்பான அலைகளே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்படுகின்றது.

மின்னோட்டங்களும் எதிர்பார்த்தபடி சீராக அமையவில்லை. அவை துண்டு துண்டான இழைகளாகவும் வலிமை குறைந்தும் காணப்பட்டன. மேலும், சூரியக் காற்று காந்தக்கோளத்தை அழுத்தும்போது பிளாஸ்மா உள்நோக்கித் தள்ளப்பட்டு வேகம் பெறும் என்பதால், செந்நெறி விளக்கத்தின்படி முதன்மை வளையம் மங்க வேண்டும். ஆனால் அத்தகைய வேளைகளில் அது பெரும்பாலும் கூடுதலாகப் பொலிவதே கண்டறியப்பட்டுள்ளது. இக்காரணங்களால், இரு பதின்மங்களாகப் பாடநூல்களில் இடம்பெற்று வந்த விளக்கம் முழுமையானது அன்று என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. பிளாஸ்மாவின் சுழற்சியும் ஐஓவின் பங்கும் மறுக்கப்படவில்லை. ஆற்றல் கைமாறும் வழியே கேள்விக்கு உள்ளாகியுள்ளது.

மேல் வளிமண்டலத்தின் வெப்பம்

சூரிய ஒளியை மட்டும் கணக்கில் கொண்டால், வியாழனின் மேல் வளிமண்டலத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ −73 பாகை செல்சியசு ஆக இருக்க வேண்டும். ஆனால் உண்மையில் அது 400 பாகைக்கும் மேல் உள்ளது. இம்முரண்பாடு ஆற்றல் நெருக்கடி என்னும் பெயரால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் விளக்கமின்றி இருந்தது.

2016 ஏப்பிரலிலும் 2017 சனவரியிலும் ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி மூலம் மூவைதரசன் அயனியின் ஒளியை அளந்து, மேல் வளிமண்டலத்தின் விரிவான வெப்பநிலை வரைபடம் உருவாக்கப்பட்டது. துருவ ஒளிப் பகுதியில் மிகுந்திருந்த வெப்பநிலை, நடுக்கோட்டை நோக்கிப் படிப்படியாகக் குறைவதை இது காட்டியது. துருவ ஒளியால் உண்டாகும் வெப்பத்தைக் காற்றோட்டங்கள் கோள் முழுவதும் பரப்புகின்றன என்ற முடிவை ஜேம்ஸ் ஓ'டோனஹியூ தலைமையிலான குழுவினர் 2021 இல் வெளியிட்டனர்.

கனிமீட்டின் மறைகடல்

காந்தப்புலத்தைத் தானே உருவாக்கும் ஒரே துணைக்கோளாக அறியப்பட்டுள்ளது கனிமீடு ஆகும். இப்புலத்தை 1996 இல் கலிலியோ விண்கலம் கண்டறிந்தது. எனவே கனிமீட்டுக்கும் தனக்கென மங்கலான துருவ ஒளி உண்டு. வியாழனின் காந்தப்புலம் சாய்ந்து சுழல்வதால் கனிமீட்டின் துருவ ஒளி வளையங்களும் முன்னும் பின்னும் ஊசலாடுகின்றன. கனிமீட்டின் உட்புறம் முழுவதும் திண்மமாக இருப்பின் இவ்வூசலாட்டம் 6 பாகை அளவுக்கு இருக்க வேண்டும். ஹபிள் தொலைநோக்கியால் அளந்தபோது அது 2 பாகை மட்டுமே இருந்தது. பனிப்பாறைக்கு அடியில் உள்ள உப்புக்கடல் மின்சாரத்தைக் கடத்தி, மாறும் காந்தப்புலத்தை எதிர்ப்பதே இதற்குக் காரணம் என 2015 இல் அறிவிக்கப்பட்டது. கண்ணுக்கு எட்டாத கடல் ஒன்றின் இருப்பைத் துருவ ஒளியின் அசைவிலிருந்து உய்த்துணர முடிந்தமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும்.

ஏனைய பெருங்கோள்கள்

சனிக் கோளிலும் துருவ ஒளி உண்டு. 2004 சனவரியில் ஹபிள் தொலைநோக்கியும், சனியை நெருங்கிக்கொண்டிருந்த காசினி விண்கலமும் ஒரே காலத்தில் மேற்கொண்ட அளவீடுகள், சூரியக் காற்றின் அழுத்தம் கூடும்போது சனியின் துருவ ஒளி பொலிவடைவதைக் காட்டின. எனவே சனி, பூமிக்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட தன்மை கொண்டது. சனியின் துணைக்கோளான என்செலடசு வெளியேற்றும் நீராவி, ஐஓவின் எரிமலைகளைப் போன்றே காந்தக்கோளத்துக்குத் துகள்களை வழங்குகின்றது. என்செலடசின் அடித்தடம் காசினியின் தரவுகளிலிருந்து 2011 இல் அறிவிக்கப்பட்டது.

பனிப் பெருங்கோள்களான யுரேனசு, நெப்டியூன் ஆகியவற்றின் காந்த அச்சுகள் முறையே 59, 47 பாகை சாய்ந்துள்ளன. இதனால் அவற்றின் துருவ ஒளிகள் துருவங்களிலிருந்து வெகுவாக விலகித் தோன்றுகின்றன. நெப்டியூனின் துருவ ஒளியைத் தெளிவாகக் காட்டும் படங்களை ஜேம்சு வெப் விண்வெளித் தொலைநோக்கி 2023 சூனில் பெற்றது. இவை 2025 இல் வெளியிடப்பட்டன.

தீர்க்கப்படாத வினாக்கள்

2023 டிசம்பர் 25 அன்று ஜேம்சு வெப் தொலைநோக்கி அகச்சிவப்பிலும் ஹபிள் தொலைநோக்கி புற ஊதாவிலும் வியாழனை நோக்கின. மூவைதரசன் அயனியின் ஒளி, கருதப்பட்டதைவிட மிக விரைவாக மாறுவது இதன்மூலம் தெரியவந்தது. மேலும், அகச்சிவப்பில் பொலிவாகத் தெரிந்த சில ஒளிர்வுகளுக்கு ஈடானவை புற ஊதாப் படங்களில் காணப்படவில்லை. ஒரே துகள்களால் இவ்விரண்டும் எவ்வாறு நிகழக்கூடும் என்பது, 2025 இல் இம்முடிவுகள் வெளியானபோது புதிய வினாவாக எழுப்பப்பட்டது.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஜூஸ் விண்கலம் 2023 ஏப்பிரலிலும், நாசாவின் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2024 அக்டோபரிலும் ஏவப்பட்டன. யூரோப்பா கிளிப்பர் 2030 இலும் ஜூஸ் 2031 இலும் வியாழனை அடையும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளன. காந்தக்கோளத்தின் வெவ்வேறு இடங்களில் இரு விண்கலங்கள் ஒரே காலத்தில் அளவீடு செய்யும் வாய்ப்பு இதனால் கிடைக்கும். சூரியக் காற்றினால் உண்டாகும் மாற்றத்தையும், கோளின் சுழற்சியாலும் ஐஓவாலும் உண்டாகும் மாற்றத்தையும் பிரித்தறிய இது உதவும்.

இவ்வாய்வுகளின் பயன் வியாழனுடன் முடிவதில்லை. விண்மீனாக ஒளிரப் போதிய நிறை இல்லாத பழுப்புக் குறுமீன்களிலும் துருவ ஒளிக்கு உரிய வானொலி அலைகள் கண்டறியப்பட்டுள்ளன. அருகில் சூரியக் காற்றை ஒத்த எதுவும் வீசாத நிலையிலும், விரைவான சுழற்சியும் வலிய காந்தப்புலமும் துருவ ஒளியைத் தோற்றுவிக்க வல்லவை என்பதை இவை உணர்த்துகின்றன. தொலைவிலுள்ள அத்தகைய பொருட்களை நெருங்கிச் சென்று பார்க்க இயலாது. அவற்றைப் புரிந்துகொள்ள, விண்கலங்கள் எட்டக்கூடிய தொலைவில் அமைந்துள்ள வியாழனே அளவுகோலாக விளங்குகின்றது.